வெள்ளைக்கரு ஆகாத பிள்ளை

பெண்கள் வார்டு, பெர்கன் ஆஸ்பத்திரி
1963 பிப்ரவரி 3

அன்புள்ள போர்கில்ட் அண்ணிக்கு,

தோரா எழுதிக்கொள்வது. உயிரோடு இருக்கிறேன். சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் நல்ல சேதி.

ஐவிந்தை உங்கள் கையில் திணித்துவிட்டுப் படகில் ஏறினபோது என்ன சொன்னேன், எதைச் சொல்லாமல் விட்டேன் என்று எனக்கே நினைவில்லை. வயிற்று வலியில் சுருண்டு கிடந்தேன். படகுக்காரர் என் மேல் போர்த்திய மழைக்கோட்டில் வந்த மீன் நாற்றத்துக்கு வழி நெடுக வாந்தி எடுத்தேன். 

வயிற்றைக் கிழித்துப் பித்தப்பையை எடுத்துவிட்டார்கள். உள்ளே இருந்த கற்களை நர்ஸ் ஒரு குப்பியில் போட்டு, பரிசு வாங்கின கோப்பையை வைக்கிற மாதிரி என் தலைமாட்டில் வைத்திருக்கிறாள். கல் என்றால் கல் இல்லையாம், அத்தனையும் கொழுப்பாம். பார்த்தால் பழுத்துப்போன பல் மாதிரி இருக்கிறது. விலாவில் ஒரு ரப்பர் குழாய் செருகியிருக்கிறார்கள். அது வழியாகக் கீழே பாட்டிலில் பச்சையாகப் பித்தம் சொட்டுகிறது. பக்கத்துப் படுக்கைக்காரி அந்தப் பாட்டிலைப் பார்த்துக்கொண்டே கஞ்சி குடிக்கிறாள், மகராசி. எனக்கானால் என் உடம்பைப் பார்த்தே குமட்டுகிறது.

ஒரு வாரத்தில் அனுப்பிவிடுவோம் என்றார்கள். இப்போது புண்ணில் சீழ் வைத்துவிட்டது, ஈஸ்டர்கூட ஆகலாம் என்கிறார்கள். புருஷனாயிற்றே என்று உங்கள் தம்பிக்கு நான் எழுதப்போவதில்லை. ஹல்வார் தென்கடலில், வேட்டைக் கப்பலில் திமிங்கிலக் கொழுப்பு கொதிக்கிற கொப்பரைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார். கடிதம் போய்ச் சேருவதற்குள் நானே வீட்டுக்குப் போய்விடுவேன்.

ஐவிந்த் விஷயத்தில் ஒன்றே ஒன்றைத் திருப்பித் திருப்பிச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அவனுக்கு வெள்ளைக்கரு ஆகாது. டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அது அவன் மூளையைக் கெடுத்துவிடும். அக்காக்காரி ஸிஸ்ஸெலுக்கு அது காலாகாலத்தில் தெரியாமல் போனதால்தான் ஆறு வயசாகியும் ஒரு சொல் பேசாமல், புத்தி வளராத பிள்ளைகளை வைத்திருக்கிற இல்லத்தில் சுவரைப் பார்த்து ஆடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இவன் பிறந்த உடனேயே கண்டுபிடித்ததால் தப்பித்தான். உருளைக்கிழங்கு, காரட், ஜாம் எல்லாம் ஆகும். டப்பாவில் இருக்கிற மாவைக் கரைத்து மூன்று வேளையும் கொடுக்க வேண்டும். அது எப்படி நாறும் என்று உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். இரண்டு வருஷமாகக் கரைக்கிறேன், இன்னும் எனக்குப் பழகவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு கரையுங்கள்.

அவன் என்ன பேசுகிறான் என்று எழுதுங்கள். ‘படகு’, ‘இன்னும்’, ‘போ’ என்று வாய் ஓயாமல் பேசுவானே. இந்த ஆஸ்பத்திரி மருந்தைவிட எனக்கு அதுதான் மருந்து.

குழாயோடு கிடக்கும்
தோரா


ஸ்கார்வோய் தீவு
1963 பிப்ரவரி 13

அன்புள்ள தோராவுக்கு,

உன் கடிதம் தபால் படகில் வந்தது. கல்லையும் பித்தத்தையும் அவ்வளவு விவரமாக எழுதியிருக்க வேண்டாம். நான் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து படித்தேன்.

பிள்ளை நன்றாக இருக்கிறான். வெள்ளைக்கரு என் வீட்டில் அவன் கண்ணில்கூடப் படவில்லை. நீ படகிலிருந்து கத்தினதே அது ஒன்றைத்தானே, எனக்கு மறக்குமா? இந்தக் குளிரிலும் என் கோழிகள் விடாமல் இடுகின்றன. வெள்ளையை எல்லாம் சர்க்கரை போட்டு அடித்து, மிஷன் சங்கத்துக் காப்பிக் கூட்டத்துக்கு மெரிங் பிஸ்கட் செய்து கொண்டுபோய்விடுகிறேன். போன வாரம் பாதிரியார் பெண்டாட்டி, இவ்வளவு மெரிங் இந்தத் தீவு கண்டதே இல்லை என்றாள். அவளிடம் உன் பிள்ளைதான் காரணம் என்று சொல்லிவைத்தேன்.

அந்த மாவைப் பற்றி. தோரா, உன்னை ஒன்றும் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். மாவா அது? செத்த மாட்டின் குளம்பைக் காய்ச்சின பசை அப்படித்தான் நாறும். என் சமையலறையில் அதை வைக்க முடியாது, கொட்டகையில் வைத்திருக்கிறேன். முதல் நாள் கரைத்த சட்டியை மணல் போட்டுத் தேய்த்தும் வாடை போகவில்லை, கடைசியில் அந்தச் சட்டியையே தூக்கிப் போட்டேன். மிச்சத்தைப் பன்றிக்கு ஊற்றினேன். மோந்து பார்த்துவிட்டு அது பின்வாங்கிற்று. பன்றிக்கே வேண்டாம் என்றால் பார்த்துக்கொள். இதை ஒரு பச்சைப் பிள்ளை வாயில் ஊற்ற எந்த டாக்டருக்கு மனசு வந்தது? கிழிந்த துணிக்கு ஒட்டுப் போடுகிற மாதிரி, வெள்ளைக்கருவுக்குப் பதிலாகக் கொடுக்கிறதுதானே இது. நல்ல சாப்பாடு சாப்பிடுகிற பிள்ளைக்கு எதற்கு?

டப்பாவில் மாவு நிறைய இருக்கிறது, புதிதாக அனுப்பச் சொல்லாதே.

‘கோழி’ என்று சொல்லக் கற்றுக்கொண்டான். என்னை ‘அத்தை’ என்கிறான். உன் வீட்டிலிருந்து வந்தபோது காற்றடித்தால் விழுகிற மாதிரி இருந்தான். இப்போது கன்னத்தில் சதை வைத்திருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள். ஆஸ்பத்திரி ஜன்னலைத் திறந்துவைக்கச் சொல்.

வேலை தலைக்கு மேல் இருக்க உனக்கு எழுதும்
போர்கில்ட்


பெர்கன்
1963 பிப்ரவரி 22

அன்புள்ள அண்ணிக்கு,

நான்கு நாளாகக் காய்ச்சல். உங்கள் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தேன். ‘கோழி’ என்று சொன்னானா? எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் தையல் இழுக்கிறது.

இங்கே காலையில் ஒரு வாடை, மத்தியானம் ஒரு வாடை. காலையில் தரை துடைக்கிற லைசால் மருந்து, மத்தியானம் வேகவைத்த காட் மீன், இடையில் நாங்கள். எனக்குக் கொழுப்பு ஆகாது என்று வெண்ணெய் தடவாத ரொட்டி தருகிறார்கள், அட்டையை மெல்லுவது போல இருக்கிறது. இளம் டாக்டர் ஒருவர் வருகிறார். வாய் கொஞ்சம் அதிகம். மனுஷ உடம்பைப் பிழிந்து பார்த்தால் தண்ணீர் போகக் கொழுப்பு, சர்க்கரை, வெள்ளைக்கரு, அப்புறம் அப்பா அம்மாவிடமிருந்து வருகிற ஏதோ ஓர் அமிலம், இவ்வளவுதானாம். அந்த அமிலத்தில்தான் நம் உடம்பு என்ன செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கிறதாம். கொழுப்பில் எனக்குத் தகராறு, வெள்ளைக்கருவில் என் பிள்ளைகளுக்குத் தகராறு, மிச்சம் இருப்பது சர்க்கரைதான் என்றேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை பித்தத்துக்கும் சீழுக்கும் நடுவில்தான் நாம் ஒருவரை ஒருவர் கொஞ்சிக்கொள்கிறோம் என்று நினைத்தால் அருவருப்பாக இருக்கிறது.

அண்ணி, மாவு நிறைய இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். எனக்குக் கணக்கு இடிக்கிறது. மூன்று வேளையும் கொடுக்கிறீர்கள்தானே? நாறினாலும் கொடுங்கள். காய்ச்சலில் என்னவெல்லாமோ தோன்றுகிறது. கொடுக்கிறேன் என்று ஒரு வரி எழுதுங்கள், நான் நிம்மதியாகத் தூங்குவேன்.

உங்களை நம்பிக் கிடக்கும்
தோரா


ஸ்கார்வோய்
1963 மார்ச் 8

அன்புள்ள தோராவுக்கு,

புயலில் தபால் படகு இரண்டு தடவை வரவில்லை. அதனால்தான் தாமதம்.

நம்பிக் கிடக்கிறேன் என்று எழுதினாய், அதனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். மாவை நிறுத்தி வெகு நாளாகிறது. ஒரு நாள் அதைக் குடித்துவிட்டு என் மேலேயே கக்கினான். இனி இந்தக் கொடுமை வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். நீ பதறாதே. வெள்ளைக்கரு ஒரு துளி உள்ளே போகவில்லை, பைபிள் மேல் கை வைத்துச் சொல்வேன். முட்டையை நானே உடைத்து, மஞ்சளை மட்டும் உள்ளங்கையில் உருட்டி, வெள்ளை ஒட்டாமல் கழுவிக்கூடக் கொடுக்கிறேன். மஞ்சளும் சர்க்கரையும் அடித்துக் கொடுத்தால் கிண்ணத்தை நக்குகிறான். காலையில் என் பசுவின் பால். மத்தியானம் மீன் உருண்டை, அதை வெள்ளை போடாமல் கிழங்கு மாவும் பாலும் மட்டும் சேர்த்துப் பிடிக்கிறேன். சாயங்காலம் ரொட்டியும் பழுப்புப் பாலாடைக்கட்டியும். பழுப்புதானே, அதில் வெள்ளை எங்கே இருக்கிறது?

நல்ல சாதுவாகிவிட்டான். வந்த புதிதில் ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளிக்கொண்டு, ஒரு நிமிஷம் சும்மா இருக்க மாட்டான். இப்போது ஜன்னல் ஓரத்தில் உட்காரவைத்தால் உட்கார்ந்த இடத்தில் இருக்கிறான். பேச்சும் குறைந்துவிட்டது. தொணதொணப்பு இல்லை. கன்னத்திலும் முழங்கை மடிப்பிலும் கொஞ்சம் சிவந்து சொறியாக இருக்கிறது, குளிர்காற்றுதான் காரணம், கொழுப்பு தடவுகிறேன்.

வீட்டில்தான் ஒரு தொல்லை. எலி புகுந்திருக்கிறது. என் வீட்டில் எலி என்று வெளியே சொல்ல வாய் கூசுகிறது, உன்னிடம் சொல்கிறேன். பரணில் பொறி வைத்தேன், ஒன்றும் விழவில்லை. கடைக்காரர் வீட்டுப் பூனையை வாங்கி வந்து விட்டேன், அது அடுப்படியில் படுத்துத் தூங்குகிறது. ஆனால் படுக்கை அறைக்குள் நுழைந்தால் குப்பென்று அடிக்கிறது, எலி மூத்திர வாடை. பலகையை எல்லாம் பச்சை சோப்புப் போட்டுத் தேய்த்தேன். மெத்தையைப் பனியில் போட்டு அடித்தேன். அவன் துணிகளை இரண்டு தடவை கொதிக்க வைத்தேன். அடுத்த நாள் மறுபடியும் அதே வாடை. போன ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் பெண்டாட்டி வந்தவள் கைக்குட்டையை மூக்குக்குக் கொண்டுபோனாள். நான் பார்த்துவிட்டேன். இத்தனை வருஷம் நான் தேய்த்த தேய்ப்புக்கு இதுவா மரியாதை? அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

எலிக்கு அந்த ஆஸ்பத்திரியில் யாருக்காவது மருந்து தெரிந்தால் கேட்டு எழுது.

போர்கில்ட்


பெர்கன்
1963 மார்ச் 12

அண்ணிக்கு,

எலி இல்லை. அது என் பிள்ளை.

கடிதம் வந்த நிமிஷமே குழாயையும் பாட்டிலையும் கையில் பிடித்துக்கொண்டு டெலிபோனுக்கு ஓடினேன், நர்ஸ் பின்னாலேயே ஓடிவந்தாள். கடையில் டெலிபோனை எடுத்த கடைக்காரர் உங்களைக் கூட்டிவந்தார். கம்பியில் ஒரே இரைச்சல், நீங்கள் ‘என்ன, என்ன’ என்றது மட்டும்தான் கேட்டது. மாவு, மாவு மட்டும் என்று கத்தினேன். வேறு ஒன்றும் கொடுக்காதீர்கள் என்றேன். காதில் விழுந்ததோ இல்லையோ. அதனால் எழுதுகிறேன். உங்கள் பக்கத்து டாக்டருக்கும் இங்கிருந்து தந்தி அடித்தாயிற்று.

வெள்ளைக்கரு என்றால் முட்டையில் இருக்கிற வெள்ளை இல்லை, அண்ணி. அதுவும் சேர்த்தி, ஆனால் அது மட்டும் இல்லை. பாலில் இருக்கிறது, மீனில் இருக்கிறது, இறைச்சியில் இருக்கிறது. நீங்கள் கழுவிக் கழுவிக் கொடுத்தீர்களே, அந்த மஞ்சளில் வெள்ளையைவிடக் கூடுதலாகவே இருக்கிறது. பழுப்புப் பாலாடைக்கட்டியிலும் இருக்கிறது. தசையும் ரத்தமும் எதனால் ஆனதோ அத்தனைக்கும் டாக்டர்கள் வைத்திருக்கிற பெயர் அது. படித்தவர்கள் புரதம் என்று வேறு ஒரு பேரும் சொல்கிறார்கள். நம் பாஷையில்தான் முட்டையின் வெள்ளைக்கும் இதற்கும் ஒரே பேரை வைத்துத் தொலைத்திருக்கிறார்கள். நானும் அந்தப் பேரையே சொன்னேன். மெரிங் செய்தேன் என்று எழுதினீர்களே, அப்போதாவது மஞ்சள் எல்லாம் எங்கே போயிற்று என்று நான் கேட்டிருக்க வேண்டாமா? காய்ச்சலில் சிரித்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் எனக்குச் சொன்ன மாதிரியே சொல்கிறேன். வெள்ளைக்கரு என்பது மணி கோத்த மாலையாம். வயிற்றுக்குள் போனதும் மாலை அறுந்து, மணி மணியாக உதிருமாம். நம் உடம்பு ஒவ்வொரு மணியையும் எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளும், மிஞ்சியதை உடைத்துப் போடும். அதில் ஒரே ஒரு மணியை உடைக்க ஐவிந்துக்கு வகை இல்லை. அது ரத்தத்தில் சேர்ந்து சேர்ந்து மூளைக்கு ஏறும். மிச்சம் மூத்திரத்திலும் வேர்வையிலும் வெளியே வரும், வரும்போது எலி நாற்றம் அடிக்கும். அந்த மாவு இருக்கிறதே, அது பாலில் இருக்கிற வெள்ளைக்கருவை அமிலத்தில் போட்டு மணி மணியாகப் பிரித்து, ஆகாத மணியை மட்டும் பொறுக்கி எடுத்தது. அதனால்தான் அந்த நாற்றம். பன்றி தின்னாவிட்டால் போகட்டும். என் பிள்ளை அதைக் குடித்துத்தான் மனுஷனாக வேண்டும்.

சாதுவாகிவிட்டான் என்று எழுதினீர்கள். தொணதொணப்பு இல்லை என்று எழுதினீர்கள். ஸிஸ்ஸெலும் அப்படித்தான் சாதுவானாள்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், இவ்வளவு நாள் விழுங்கிக்கொண்டிருந்தேன். என் வீட்டிலும் இந்த எலி இருந்தது. இரண்டு வருஷம் இருந்தது. நானும் பலகையைத் தேய்த்தேன், மெத்தையை அடித்தேன், கை வெந்து போகிற அளவுக்குக் குழந்தையைக் கழுவினேன். ஸிஸ்ஸெலுக்கு ஒரு வயசு இருக்கும், கிறிஸ்துமஸுக்கு நீங்கள் வந்தீர்கள். அவளைத் தூக்கினீர்கள். உடனே கீழே விட்டுவிட்டு, எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தீர்கள். என் முன்னாலேயே ஹல்வாரிடம் சொன்னீர்கள்: “உம் பொண்டாட்டிக்குப் புள்ளயக் கழுவத் தெரியாதாடா?”

அவர் தலையைக் குனிந்துகொண்டு காப்பி குடித்தார். அதற்கப்புறம் நான் யாரையும் வீட்டுக்குள் விடவில்லை. டாக்டரிடம் போகவும் கூசினேன், நாறுகிற பிள்ளையை எப்படித் தூக்கிக்கொண்டு போவது என்று. கடைசியில் போனபோது அவர் ஈரத் துணியை மோந்துவிட்டு ஒரு சொட்டு மருந்து விட்டார், பச்சையாக மாறிற்று, இந்த நோய் இருந்தால்தான் அப்படி மாறுமாம். ஒரு வருஷம் முன்னால் வந்திருக்கலாமே என்றார்.

உங்களுக்கு ஒன்று தெரியுமா? இந்த நோய் ஒருவர் பக்கமிருந்து வருவதில்லை. அப்பா வீட்டிலிருந்தும் வர வேண்டும், அம்மா வீட்டிலிருந்தும் வர வேண்டும், இரண்டும் சேர்ந்தால்தான் வரும். உங்கள் குடும்பத்துச் சுத்தமான ரத்தத்திலும் அது இருக்கிறது.

இப்போது உங்கள் வீடு நாறுகிறது. பாதிரியார் பெண்டாட்டி மூக்கைப் பொத்தினாள் என்று சாப்பிடாமல் படுத்தீர்கள். எனக்கு உங்கள் மேல் இரக்கம் வரவில்லை.

தோரா


ஸ்கார்வோய்
1963 மார்ச் 17

தோராவுக்கு,

டெலிபோனில் ‘மாவு’ என்றது காதில் விழுந்தது. அன்றிலிருந்து மாவுதான், கூட உருளைக்கிழங்கும் காரட்டும். டப்பாவைக் கொட்டகையிலிருந்து எடுத்துவந்து அடுப்புக்கு மேலேயே வைத்திருக்கிறேன்.

டாக்டர் படகில் வந்தார். ஈரத் துணியில் ஒரு சொட்டு விட்டார். பச்சை. பாசி பிடித்த கல் மாதிரி அப்படி ஒரு பச்சை. ரத்தமும் எடுத்துக்கொண்டு போனார். கெட்டது கெட்டதுதானா, திரும்புமா என்று கேட்டேன். கொஞ்ச நாள்தான் ஆகிறது, திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார். அவருக்குக் காப்பி ஊற்றினேன், கோப்பை நிறைந்தது தெரியாமல் மேஜை எல்லாம் கொட்டிவிட்டேன்.

நீ எழுதினதில் பொய் ஒரு வார்த்தையும் இல்லை. அதனால் அதைப் பற்றி நான் என்ன எழுத?

அவன் மாவைக் குடிக்க மாட்டேன் என்கிறான். மஞ்சள் கருவின் ருசி கண்ட நாக்கு. பல்லைக் கடித்துக்கொள்கிறான். மூக்கைப் பிடித்து ஊற்றினேன், என் மார்பு முழுக்கக் கக்கினான். மறுபடியும் கரைத்தேன், மறுபடியும் கக்கினான். என் தலைமுடி எல்லாம் அந்த நாற்றம். தேவாலயத்துக்கு இந்த வாரம் போகவில்லை.

போர்கில்ட்


ஸ்கார்வோய்
1963 மார்ச் 27

அன்புள்ள தோராவுக்கு,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. படகு வருகிற நாளெல்லாம் துறைக்குப் போய்ப் பார்த்தேன். எழுதாவிட்டால் பரவாயில்லை, நான் எழுதுகிறேன்.

இப்போது குடிக்கிறான். ஊற்றிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் இரண்டு கோப்பையில் கரைத்து, ஒன்றை அவன் முன்னால் வைத்து, இன்னொன்றை நான் குடித்தேன். தோரா, வாயில் வைத்ததும் குடல் மேலே வந்துவிட்டது. அவன் பார்த்துக்கொண்டிருந்தான், அதனால் விழுங்கினேன். பிறகு கொட்டகைக்குப் பின்னால் போய் எல்லாவற்றையும் வாந்தி எடுத்தேன். ஆனால் அவன் தன்னுடையதைக் குடித்துவிட்டான். அன்றிலிருந்து மூன்று வேளையும் இரண்டு கோப்பை. உன் மாவில் நான் பங்கு போடுகிறேன் என்று நினைக்காதே, என்னுடையதில் ஒரு கரண்டிதான் போடுகிறேன். அதற்கே இப்படி. நீ தினமும் கரைத்தாயே, என்னிடம் ஒரு நாளும் சொல்லவில்லையே.

வாடை குறைந்துகொண்டு வருகிறது. நேற்று டாக்டர் வந்து சொட்டு விட்டார், பச்சை வரவில்லை. ரத்தத்தில் சேர்ந்திருந்ததும் இறங்கியிருக்கிறதாம். ஆனால் பேச்சு இல்லை. ‘படகு’ இல்லை, ‘கோழி’ இல்லை. ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கிறான். டாக்டரை உலுக்கிக் கேட்டேன், உள்ளே என்ன மிச்சம் இருக்கிறது என்று. “அத நான் சொல்ல முடியாதும்மா. அவனே சொன்னாத்தான் உண்டு” என்றார்.

பதில் எழுது. திட்டியாவது எழுது.

போர்கில்ட்


பெர்கன்
1963 ஏப்ரல் 2

அண்ணிக்கு,

குழாயை எடுத்துவிட்டார்கள். புண் ஆறிவிட்டது. சனிக்கிழமை மத்தியானப் படகில் வருகிறேன். அதே படகில் அவனைக் கூட்டிக்கொண்டு திரும்பிவிடுவேன், வீட்டுக்குள் வரப்போவதில்லை. காப்பி வேண்டாம். அவன் துணிமணியைக் கட்டி, கடைக்காரர் கையில் அவனைக் கொடுத்துத் துறைக்கு அனுப்புங்கள். நீங்கள் வர வேண்டாம். பார்த்தால் என்ன சொல்லிவிடுவேனோ தெரியாது.

பேச்சு இல்லை என்று எழுதியிருக்க வேண்டாம். எனக்குத் தெரியாததா? ஒரு தடவை பார்த்திருக்கிறேன்.

தோரா


ஸ்கார்வோய்
1963 ஏப்ரல் 4

அன்புள்ள தோராவுக்கு,

இது உன் கையில் கிடைக்குமோ கிடைக்காதோ, வெள்ளிக்கிழமைத் தபாலுக்குள் போய்ச் சேர வேண்டும் என்று படகுக்காரரை நிற்கவைத்துவிட்டு எழுதுகிறேன். அவர் துறையிலிருந்து கத்துகிறார், கத்தட்டும்.

நீ சொன்னபடி நேற்றே துணியைக் கட்டிவிட்டேன். சின்னதாகப் போன சட்டைகளைத் தனியாக வைத்திருக்கிறேன். கட்டிமுடித்துவிட்டு ரொம்ப நேரம் அந்த மூட்டைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

இன்று காலை வழக்கம்போல இரண்டு கோப்பை கரைத்தேன். நான் குடித்தேன். அவன் கோப்பையை நீட்டினேன், தள்ளினான். தள்ளுவது தினமும் நடப்பதுதான், தள்ளிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வான். இன்று திரும்பவில்லை. என் முகத்தையே பார்த்தான். கோப்பைக்குள் எட்டிப் பார்த்தான். மறுபடியும் என்னைப் பார்த்தான். மூக்கைச் சுருக்கிக்கொண்டு, நன்றாகக் கேட்கிற மாதிரி சொன்னான்:

“ச்சீ. நாத்தம். அத்தை குடி.”

எனக்கு முதலில் விளங்கவே இல்லை. பூனையிடம் ஏதோ சொல்கிறான் என்று நினைத்தேன். கோப்பையை இரண்டு கையாலும் என் பக்கம் தள்ளி, இன்னொரு தடவை சொன்னான். கோழி என்றும் படகு என்றும் ஒற்றை வார்த்தையாகப் பேசினவன், தோரா. இப்போது நாறுகிறது என்று தெரிகிறது, தனக்கு வேண்டாம் என்று தெரிகிறது, யார் தலையில் கட்டலாம் என்றும் தெரிகிறது. புத்தி இல்லாத பிள்ளைக்கு இது வருமா? நீயே சொல்.

நான் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். அவன் விடுகிற மாதிரி இல்லை. அழுதுகொண்டே அதை வாங்கி மடமடவென்று குடித்தேன், இன்றைக்கு எனக்குக் குமட்டவில்லை. பயப்படாதே, அவனுக்கு உடனே வேறு கரைத்துவிட்டேன். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு ‘ச்சீ’ சொல்லிக்கொண்டு முழுதும் குடித்தான்.

துறைக்கு வரக் கூடாது என்று எழுதியிருக்கிறாய். வருவேன். கடைக்காரர் கையில் கொடுக்க மாட்டேன், என் கையில் பிடித்துக்கொண்டு நிற்பேன். இறங்கி வந்து முதலில் அவன் வாயால் கேள். அப்புறம் என்னைத் திட்டு, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நின்று கேட்கிறேன்.

போர்கில்ட்